பிரிண்டருக்கு ஓர் அறை

அவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி பத்திரிகை நிருபர். மிக்சி முதல் மோட்டார் வரை வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் அவன் கைபட்டால் ஓடும். அவளுடைய லேப்டாப்பை மட்டும் அவன் தொடக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள அவள் அலுவலகத்தில் ஒருவன் இருந்தான். எதையும் பூட்டியே வைப்பான் என்பதால் அவனுக்குப் பூட்டு என்றே பெயர்.

பூட்டு போட்டுக்கொடுத்த சிஸ்டத்தில் ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாகப் பல கம்ப்யூட்டர்கள். அவள் அவற்றை அறைகள் என்பாள். மெயிலுக்கு ஓர் அறை, பேங்குக்கு ஓர் அறை. ரகசியமாகத் தகவல் தருகிறவர்களின் விவரங்களும் அவள் கட்டுரைகளும் இருந்த அறைக்கு நெட்டே கிடையாது. இதைச் சொல்லும்போதெல்லாம் 'பூட்டு சொன்னான்', 'பூட்டு செஞ்சான்' என்று வாய்க்கு வாய் அவன் பேச்சுதான். போனில் அவனோடு பேசும்போது அவள் சிரிக்கும் சிரிப்பு, கல்யாணமான புதிதில் இவனுக்குக் கிடைத்த சிரிப்பு.

அவள் பிறந்தநாளுக்கு இவன் வைஃபை பிரிண்டர் ஒன்று வாங்கி வந்தான்.

"பூட்டுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"ஒரு பிரிண்டருக்கு அவன் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். அவன் போனிலிருந்து அனுப்பிய பக்கம் பளிச்சென்று வந்தது. லேப்டாப்பிலோ பிரிண்டர் இருப்பதாகவே தெரியவில்லை. அவளுடைய கட்டுரை இருந்த அறையின் செட்டிங்கைத் திறந்தான். நெட் என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது. 'இதுதானா சங்கதி' என்று அதை மாற்றப் போனான்.

தலையில் துண்டோடு வந்தவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க! அதுல ஒருத்தரோட உயிரே இருக்குங்க."

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் பூட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இவன் முன்னால் நீட்டினாள்.

"சார், அந்த அறை அப்படியே இருக்கட்டும். பிரிண்டருக்குன்னே புதுசா ஒண்ணு போடுங்க. அதுக்கு மட்டும் நெட் குடுங்க. அச்சடிக்க வேண்டியதை மட்டும் அங்க காப்பி பண்ணுங்க, முடிஞ்சதும் அழிச்சிடுங்க."

குரலில் துளி நக்கல் இல்லை. மனதுக்குள் திட்டக்கூட இடம் கொடுக்காத மரியாதை. அதுதான் இவனுக்கு இன்னும் எரிந்தது. ஆனாலும் பூட்டு சொல்லச் சொல்லச் செய்தான். பிரிண்டருக்கான டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்றி, அதன் முகவரியைக் கொடுத்தான். புது அறைக்குப் பெயர் கேட்டது.

"அச்சுன்னு வைங்க சார்."

"வெச்சாச்சு," என்றான். 'புருஷன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான்.

கட்டுரை பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. தாளை எடுக்க வந்தவள் திரையைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான். பல மாதங்களாக ஏங்கிய சிரிப்பு அது. ஒரு நிமிடம் பூட்டை மறந்தே போனான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"இருங்க இருங்க, இதைப் பூட்டுகிட்ட சொல்லியே ஆகணும்."