பால்கனிக்குப் போட்ட பாரம்

அக்காவின் புது வீட்டுப் பால்கனியில் சொந்தபந்தமெல்லாம் நெருக்கியடித்து நின்றது. குடும்பப் படம் எடுக்க வேண்டுமாம். "வீட்டுக்குக் கணக்குப் போட்ட இன்ஜினியரம்மா நடுவுல நிக்கணும்!" என்று அத்தான் கூவினார். இன்ஜினியரம்மாவுக்கோ கதவைத் தாண்டக் கால் வரவில்லை.

நேற்றுதான் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "மேடம், கணக்குல ரூமுக்குப் போடுற பாரத்தையே பால்கனிக்கும் போடலாமா?"

"கூடவே கூடாது" என்று தொடங்கி இவள் வகுப்பே எடுத்துவிட்டாள். பால்கனி சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்பது, கூட்டம் சேருகிற இடம், அதனால் அது அதிக பாரம் தாங்கும்படி கணக்குப் போடச் சொல்கிறது கட்டட விதிநூல். ஊருக்குத்தான் உபதேசம். வீடு திரும்பும் வழியில்தான் சுரீரென்றது. அக்கா வீட்டுக் கணக்கில் அறைக்கான பாரத்தை அப்படியே பால்கனிக்கும் நகலெடுத்தவள் இவளேதான். நம்ம அக்கா வீடுதானே என்று இரண்டாம் முறை பார்க்கவுமில்லை.

சொல்லிவிடத்தான் இன்று வந்தாள். வந்ததும் வராததுமாக அக்கா, "எல்லாம் என் தங்கச்சி போட்ட கணக்கு" என்று பீற்றிக்கொள்ள, வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. இப்போதோ பால்கனித் தரை சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது.

"உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!"

"ஏன்டி இப்படிக் கத்தறே?" என்றாள் அக்கா.

"அங்க... வெளிச்சம் சரியில்லக்கா."

முணுமுணுத்தபடி வந்து சோபாவைச் சுற்றி நின்றார்கள். படம் எடுத்தாயிற்று. "இவ கண்ணுக்கு எதுவும் தப்பாதுப்பா" என்று அத்தான் மெச்சினார். இவள் பல்லைக் காட்டினாள். பாராட்டையும் வாங்கிக்கொண்டு நிற்கிறோமே என்று உடம்பே கூசியது. வெட்கக்கேடு.

"சரி, காத்தாட நிப்போம் வாங்க" என்று அத்தான் மறுபடி கதவைத் திறந்தார்.

இனி வெளிச்சத்தின்மேல் பழிபோட முடியாது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்மேல. கணக்குல பால்கனிக்குப் பாரத்தைக் குறைச்சுப் போட்டுட்டேன். முட்டுக் கொடுத்து, மறுபடி கணக்குப் பாக்கறவரைக்கும் யாரும் அங்க போகாதீங்க."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்போ நாங்க படுக்கற ரூம்?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா."

ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். இவளும் பார்த்தாள்.