நான் செத்த செவ்வாய்க்கிழமை

குவோப்பியோ நகரத்திலேயே, செத்த பிறகும் தன் வீட்டு வாசலில் குவிந்த பனியை அள்ளி அகற்றிய ஒரே ஆள் நான்தான்.

"விடுறா ஆர்னே," என்றான் சவுனா என்ற வெந்நீராவி அறையில் என் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்த தோர்ஸ்தி. நகராட்சிக் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். "உயிரோட இருக்கிறவனுக்கு எந்தக் கணினிடா சாவு எழுதும்?"

எழுதியதே. இடுப்பு அறுவை முடிந்து நான் கிளம்பியதும், கட்டில் காலி என்று நர்ஸ் பதிந்தாள். அந்த மருத்துவமனையில் ஒரு வேலை முடிந்ததாகப் பதிந்தால் போதும். வெப்ஹூக் என்ற ஏற்பாடு வெளிக் கணினிகளுக்குத் தானாகவே சேதி சொல்லிவிடும். அதை அமைத்தவர்கள் காலிக் கட்டிலோடு மரணச் சேதியைக் கோத்துவிட்டார்கள். நான் காலணி மாட்டுவதற்குள் வங்கி, ஓய்வூதிய அலுவலகம், சர்ச் எல்லாம் எனக்குத் துக்கம் அனுசரித்து முடித்துவிட்டன. பிழைத்துவிட்டான் என்று சொல்ல அதில் ஒரு சேதியும் கிடையாது. ஒவ்வோர் இடமாக நானே நொண்டிப் போய் மூச்சு விட்டுக் காட்டினேன்.

சேதி முதியோர் இல்லத்துக்கும் போயிருந்தது. அங்கே மறதி நோயோடு இருக்கும் என் மனைவி இர்யாவிடம் பக்குவமாகச் சொல்லியும் விட்டார்கள். எல்லாவற்றையும் மறப்பவள், இதை மட்டும் மறக்கவில்லை. நான் எதிரில் போய் நின்றும் பயனில்லை.

தோர்ஸ்தி நம்பவில்லை. அவனை அங்கே கூட்டிப்போனேன்.

"காப்பி எடுத்துக்குங்க சார்," என்று இர்யா என்னை உபசரித்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோர்ஸ்தி, எங்க ஆர்னேவ அடக்கம் பண்ணப்ப நீ போனியா? என்னை யாருமே கூட்டிட்டுப் போகல."

அவன் என்னைப் பார்த்தான். நான் கோப்பையைப் பார்த்தேன்.

"போனேன் இர்யா," என்றான். "நல்ல கூட்டம்."