இருபத்து மூன்று பேரின் மேடு

நாற்று நட்டதில் ஓக்புன்னின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. நிமிர்ந்தால் முதுகில் யாரோ கடப்பாரை விட்டு நெம்புவதுபோல் இருந்தது. காலையில் குடித்த பார்லிக்கஞ்சி எப்போதோ கரைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் போலீஸ் ஏட்டு ஹோங் வரப்பில் வந்து நின்று, பிறந்த ஊர்ப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டான்.

"சின்சோன்காரம்மா, மண்வெட்டியும் வைக்கோல் பையும் எடுத்துக்கிட்டு மலைக்கு வாங்க. எல்லாரையும் வரச் சொல்லியாச்சு."

மலைக்கு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மலையில் அவர்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை தொடங்கிய கோடையில், உரம் கிடைக்கும் என்று ஏதோ ஒரு சங்கத்தில் பெயர் கொடுத்த ஆண்களையெல்லாம் கம்யூனிஸ்டு என்று சொல்லி அரசாங்க ஆட்கள் லாரியில் ஏற்றினார்கள். மலைப் பள்ளத்தில் நிறுத்திச் சுட்டார்கள். ஓக்புன்னின் புருஷனும் அதில் போனான். அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. போன வருஷம் மாணவர்கள் ஜனாதிபதியை நாட்டைவிட்டே துரத்தினார்கள். அப்புறம்தான் ஊருக்கு வாய் வந்தது. அப்போதும், சில வருஷத்துக்கு ஒருமுறை கூடுதலாக வரும் அதிமாசம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த மாசத்தில்தான் ஆவிகள் கண்ணயரும், புதைகுழியில் கைவைத்தால் குற்றமில்லை. தோண்டியபோது எலும்புகள் பின்னிக் கிடந்தன. மண்டையோடுகளை எண்ணி இருபத்து மூன்று பேர் என்று தெரிந்துகொண்டு, ஒரே மேடாகப் புதைத்து, பெயர் வெட்டிய கல் ஒன்றை நட்டார்கள்.

இந்த மே மாதம் சியோலில் டாங்கிகள் புகுந்தன. நாடு ஜெனரல்கள் கைக்குப் போனது. மேடு கட்டச் சொன்ன பள்ளிக்கூட வாத்தியார் இப்போது ஜெயிலில்.

விதவைகள் மேட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பைன் மரங்களுக்குக் கீழே, ரோட்டில், ஒரு ராணுவ ஜீப் நின்றது.

"உத்தரவு இதுதான்," என்றான் ஹோங். "தோண்டி அவங்கவங்க எலும்ப அவங்கவங்க கொண்டு போயிரணும். மிச்சத்த எரிச்சு ஆத்துல விடணும். கல்ல உடைக்கணும். லெப்டினன்ட் கொஞ்ச நேரத்துல மேல வருவாரு."

"எது எம் புருஷன் எலும்புன்னு நீ காட்டு, எடுத்துக்கிறேன்," என்றாள் விதவைகளில் ஒருத்தியான பங்கோல்காரி. "அந்த மனுஷன் உசுரோட இருந்தப்பவே ராத்திரி எங்க கெடப்பாருன்னு எனக்குத் தெரியாது."

இன்னொருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. நீங்க தோண்டலேன்னா அவரு ஆளுங்கள ஏத்துவாரு. அவங்க சல்லடை போட்டா எடுப்பாங்க?"

ஓக்புன் மேட்டைப் பார்த்தாள். இன்றைக்குத் திறந்தால் போச்சு. ஒருவன் கால் ஒரு வீட்டிலும் தலை ஆற்றிலுமாகப் போகும். மறுபடி சேர்க்க முடியாது.

"ஏட்டய்யா, இது அதிமாசமா?"

ஹோங் கீழே நின்ற ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"அடுத்தது வர இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. இன்னிக்கு யாரு வெட்டுனாலும், அந்தக் குத்தம் வெட்டச் சொன்னவன் வீட்டுலதான் போய் விழும். ஒம் பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம்?"

ஹோங்கின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளைப் பெற்ற அன்றே புதைத்தவள்.

"வாயக் கழுவுங்கம்மா."

"சொல்லிட்டேன். இனி ஒன் பாடு."

கீழே ஜீப்பின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹோங் மரங்களுக்கிடையே எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"மேலாப்புல புல்லச் செதுக்கி மேட்டத் தட்டிவிடுங்க. ஒரு சாணுக்குக் கீழ யாரும் போகாதீங்க. பையில சுள்ளிய அள்ளிக் கட்டுங்க. ம், சீக்கிரம்!" சம்மட்டியை ஓக்புன்னிடம் நீட்டினான். "கல்லு மட்டும் தப்பாது. அதக் கண்ணால பாப்பாரு. நீங்களே உடைச்சாத்தான் மத்ததையும் நம்புவாரு."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதல் அடியில் பொறி பறந்தது, அவ்வளவுதான். ஐந்தாறு அடிக்குப் பிறகு கல் குறுக்கே பிளந்தது. புருஷன் பெயர் எந்தத் துண்டில் போனது என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

லெப்டினன்ட் மூச்சிரைக்க வந்தான். மீசை முளைத்தும் முளைக்காத பட்டணத்து முகம். உடைந்த கல்லையும் சம்மட்டியோடு நின்றவளையும் பார்த்தான்.

"எலும்பு?"

"எல்லாம் கட்டியாச்சு சார்."

அவன் ஒரு பையைப் பூட்ஸ் காலால் அழுத்தினான். உள்ளே சுள்ளி சடக்கென்று முறிந்தது.

பங்கோல்காரி ஓக்புன்னின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது.

"பழைய எலும்பு சார்," என்றான் ஹோங். "தொட்டாலே போயிரும்."

லெப்டினன்ட் காலைப் பின்னுக்கு இழுத்துப் புல்லில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி, கொண்டு போகச் சொல்லு."

பெண்கள் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஜீப்பைத் தாண்டி ஒப்பாரியோடு இறங்கினார்கள். "சுள்ளிக்கு இவ்வளவு அழுகையாடி?" என்று ஒருத்தி பல்லிடுக்கில் கேட்டாள். "அன்னிக்கு அழவிடல. அந்தப் பழைய அழுகை இது," என்றாள் பங்கோல்காரி.

ஓக்புன் கடைசியாக இறங்கினாள். மண்ணுக்குள் இருபத்து மூன்று பேரும் பிரியாமல் கிடந்தார்கள். மேலே அவர்கள் பெயர் இல்லை. உடைத்தது அவள் கை. அவர்களுக்கு அவள் தர வேண்டியது ஒரு கல் பாக்கி.