மஞ்சள் ஏறாத அட்டை

கஜீவனிடம் இருந்த ஆட்டக்காரர் பட அட்டை உலகத்தில் ஒன்றுதான். சேகரிப்பாளர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். மொன்றியலின் பழைய பேஸ்பால் அணியில் ஒரு பருவம்கூட முழுதாக ஆடாத ஒரு இடக்கைப் பந்துவீச்சாளனின் படம். தோள் பழுதாகி அவன் வீட்டுக்குப் போனதும் அட்டை வெளியாகாமலே நின்றுவிட்டது. மிஞ்சியது இந்தச் சோதனை அச்சு மட்டும். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது, ஒரு சஞ்சிகைக்குள் கிடந்தது. நிறங்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போது, மஞ்சள் மை ஏறுவதற்கு முன் எடுத்த அச்சு. புல் நீலமாக இருந்தது. ஆளின் முகம் அறை வாங்கியதுபோலச் சிவந்திருந்தது. பின்பக்கம் வெறும் வெள்ளை.

இப்படியான அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் ஒரு மூலையைப் பெருவிரலால் மறைத்துக்கொள்வார்கள். முழுப்படம் வெளியே போனால் அதை வைத்து இன்னொன்று அச்சடித்துவிடலாம். கஜீவன் ஒரேயொருவனுக்குத்தான் விரல் வைக்காமல் அனுப்பினான். டனிஸ்ரனுக்கு. மைதானத்தின் மலிவான இருக்கைகளில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அணி நகரத்தை விட்டுப் போன அன்று பக்கத்தில் இருந்து அழுதவன்.

“ஸ்கேன் பண்ணி அனுப்படா, ரெண்டு பக்கமும். உன்ர பிறந்தநாளுக்குப் பெருப்பிச்சுத் தாறன்” என்று கேட்டிருந்தான். சொன்னபடியே தந்தான். கஜீவன் அந்தப் படத்தைக் கட்டிலுக்கு மேலே மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை, வில்லரேயில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் சேகரிப்பாளர்கள் கூடினார்கள். ஞானேந்திரன் கஜீவனைத் தூரத்திலிருந்தே கூப்பிட்டார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரிலிருந்து தவறாமல் வருகிறவர். அணியின் முதல் வருட அட்டைகள் முழுவதும் அவரிடம் இருந்தன.

“தம்பி, உன்ர பெருமை முடிஞ்சுது. எனக்கும் ஒண்டு வருது.”

மேசையில் அவருடைய முதல் வருட ஆல்பம். பக்கத்தில் கெட்டிப் பிளாஸ்ரிக் உறைக்குள் நீலப் புல்லும் சிவந்த முகமும். மேசைக்கு அந்தப் பக்கம் டனிஸ்ரன். இரண்டையும் மாற்றப்போகிறார்கள். கஜீவனைக் கண்டதும் அவன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினான்.

அட்டையின் கீழ்மூலையில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பை அச்சகம் போடவில்லை. அட்டை கிடைத்த அன்று, பஸ்சுக்கு ஓடும்போது, கஜீவனின் ஜக்கெட் பொக்கற் போட்டது.

“அண்ணை, வெளியில எடுங்கோ. அந்த மூலையைத் தடவிப் பாருங்கோ.”

உறையிலிருந்து எடுப்பது அவர்களுக்குள் பெரிய பாவம். ஆனாலும் அவன் கேட்ட விதத்தில் ஞானேந்திரன் எடுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

“மடிப்புத் தெரியுது. கையில தட்டுப்படேல்லையே!”

“தட்டுப்படாது. அது என்ர மடிப்பின்ர படம்.”

“டேய், விடடா. பேந்து கதைப்பம்” என்றான் டனிஸ்ரன்.

“எங்காலையடா உனக்கு இது?” என்று கேட்டான் கஜீவன்.

டனிஸ்ரன் குரலை உயர்த்தினான். “அண்ணைக்கு முன்னால நடிக்காதை மச்சான். நீதானே அனுப்பினனீ!”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

“அனுப்பினனியோ?” என்று கேட்டார் ஞானேந்திரன்.

“ஓம். போஸ்ரருக்கு எண்டு கேட்டவன்.”

“பின்பக்கமும்?”

“ஓம்.”

“வெறும் வெள்ளை. அது போஸ்ரருக்கு எதுக்கு?”

அந்தக் கேள்வியைக் கஜீவன் டனிஸ்ரனிடம் கேட்டதேயில்லை. சிநேகிதனிடம் யார் கேட்பார்கள்?

தன் அட்டையை எடுத்து நீட்டினான். ஞானேந்திரன் மூலையைத் தடவினார். மடிப்பு விரலில் தட்டியது. அவர் முகம் மாறவில்லை.

“அச்சடிச்ச பிறகு ஒரு மூலையை மடிச்சுவிடுறது பெரிய வேலையே? முதல் நீ வந்தாய், பிறகு இவன். நல்ல சோடியடா.” ஆல்பத்தை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே தலைகள் நெருங்கின. யாரோ சிரித்தார்கள்.

கஜீவன் படியேறி வெளியே வந்தான். டனிஸ்ரன் பின்னாலேயே ஓடி வந்தான்.

“டேய், கோவிக்காதையடா. எனக்கு அந்த ஆல்பத்தில ஆசை. அவ்வளவுதான்.”

கஜீவன் நடந்தான்.

“உன்ரை ஒறிஜினல்தானடா. ஆர் கேட்டாலும் நான் சாட்சி சொல்லுறன்.”

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னான். அந்த அட்டைக்கு இனி அவனை விட்டால் வேறு சாட்சி இல்லை. கஜீவன் திரும்பிப் பார்க்காமல் மெட்ரோவுக்குள் இறங்கினான்.