இடது கன்னம்

தாஸை என் மேசையில் கிடத்தியதும் நான் முதலில் செய்த காரியம் கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. என்னென்ன நோயோடு எப்படியெப்படியோ செத்தவர்கள் வருவார்கள், கையுறை இல்லாமல் கிட்டே போகிறவன் முட்டாள் என்று நானே பலரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் இவன் என் அக்கா மகன். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் வேட்டியை நனைத்தவன். அவனை ரப்பர் போட்டுத் தொட எனக்கு மனசு வரவில்லை.

என் பெயர் இன்னாசி. ஆலங்குடியில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடை ஒன்றின் பின்னால் தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே பிணத்தைக் குளிப்பாட்டி, கிழிந்ததைத் தைத்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது நான்தான். சென்னையில் பதினோரு வருஷம் இருந்து கற்றுக்கொண்ட வேலை. வண்டியும் பெட்டியும் கடைக்காரன் செம்மலுடையவை, கை என்னுடையது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தாம்பாளத்தை என் கையில் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டிலேயே ஒரு சாவு விழுந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். நல்லா இருக்கட்டும்.

தாஸின் முழுப்பெயர் ஆரோக்கியதாஸ். இருபத்தாறு வயசு. முந்தின நாள் சாயங்காலம் புதுக்கோட்டையில் வேலை முடிந்து வந்தவன், ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற டிப்பர் லாரியின் பின்னால் கொண்டுபோய் பைக்கை விட்டிருக்கிறான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல் மாட்டியபடியே இருந்ததாம். அறுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இடித்த அந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது, பையனுக்கு வலி தெரிந்திருக்காது என்று சொன்னார். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். காலை ஒன்பது மணிக்குக் கொட்டகையில் வெள்ளைத் துணியைப் பிரித்தேன். இடது கன்னம் இல்லை. தாடை எலும்பு உள்ளே போயிருந்தது, மீசையில் பாதி இல்லை. வலது பக்கத்தை மட்டும் பார்த்தால் ஒரு கீறல் கூட இல்லாமல் அவனேதான்.

செபமாலை அக்காவை நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தேன். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்பது வருஷமாக அவளுக்கு இந்தப் பையனும், காலேஜில் படிக்கும் பிளெஸ்ஸியும்தான். ஆட்டோவில் ஏறும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மொகத்துல அடியாடா, தம்பி?"

"இல்லக்கா. பின்மண்டையிலதான் அடி. மொகம் அப்படியே இருக்கு."

சொன்ன பிறகு அதை நிஜமாக்குவது என் பொறுப்பாகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு அவன் முகம் அப்படியே இருந்தாக வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தொடுவதற்கு முன் முகத்தை ஒரு போட்டோ எடுத்து செம்மலின் போனுக்கு அனுப்பிவிட வேண்டும். பிற்பாடு குடும்பத்தார் வந்து இந்தக் காயம் நீ போட்டது, காதில் இருந்த கடுக்கன் எங்கே என்று வம்பு பண்ணினால் காட்டுவதற்கு. இந்த விதியை உண்டாக்கியவனே நான். தாஸையும் அப்படியே எடுத்தேன், அனுப்பினேன். நினைத்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. இந்தக் கையை என்ன செய்வது என்று இப்போது பல நாளாக யோசிக்கிறேன்.

ஆறு மணி நேரம் வேலை பார்த்தேன். தலைமுடியில் காய்ந்திருந்த ரத்தத்தை வெந்நீர் விட்டு ஷாம்பு போட்டு மூன்று தடவை அலசினேன். தாடையை உள்ளிருந்து தூக்கிக் கட்டி, பள்ளத்தில் பஞ்சை அடைத்து, மேலே மெழுகை இழைத்தேன். வலது கன்னத்தைப் பார்த்துப் பார்த்து இடது கன்னத்தைச் செய்தேன். பிடரியிலிருந்து முடியை வெட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக மெழுகில் நட்டு மீசையின் மிச்சப் பாதியை முடித்தேன். இமைக்குள் பஞ்சு வைத்து, உதட்டில் வாஸ்லின் தடவினேன். காதை மட்டும் தொடவில்லை. இடது காதுக்கு முன்னால் மிளகு அளவு ஒரு மரு, பிறந்ததிலிருந்தே இருப்பது. அது தப்பித்திருந்தது.

அந்த ஆறு மணி நேரமும் செம்மல் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். சாப்பிடக்கூடப் போகவில்லை. நடுவில் அழுதான், நிஜமாகவே அழுதான். அவனுக்கும் தாஸைத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்து கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவன்தானே. எல்லாம் முடிந்ததும் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இது மனுசக் கையில்லண்ணே" என்றான். அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு வேண்டியிருந்தது. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

அக்கா வீட்டில் பெட்டியின் இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நானே நின்று வைக்கச் சொன்னேன். தலைமாட்டில் மெழுகுதிரிகளை இரண்டு பக்கமும் ஏற்றி வைத்திருந்தார்கள். இடது பக்கத்தது சூட்டில் என் வேலையை இளக்கிவிடும் என்று அதை எடுத்து வலது பக்கம் வைத்தேன். செபம் சொல்ல வந்த உபதேசியார் ஒரு மாதிரிப் பார்த்தார், பார்க்கட்டும். அக்கா வந்து குனிந்தாள். நெற்றியில் முத்தம் கொடுத்தாள், வலது கன்னத்தைத் தடவினாள், கை மீசையைத் தாண்டி அந்தப் பக்கம் போகப் போனது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, போதும்க்கா, மருந்து போட்டிருக்கு என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். தூங்குற மாதிரியே இருக்கான் என்று எல்லாரிடமும் சொன்னாள். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று கல்லறைத் தோட்டத்தில் மண்ணள்ளிப் போடும்போது நினைத்துக்கொண்டேன்.

இருபத்தோராவது நாள் காலையில் பிளெஸ்ஸி போன் பண்ணினாள். அழுகையில் பேச்சே வரவில்லை. அப்புறம் ஒன்றை அனுப்பினாள். எங்கள் கடையின் பேஸ்புக் பக்கம். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒன்றின் மேல் முன் என்றும் மற்றதன் மேல் பின் என்றும் போட்டிருந்தது. கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை. கீழே, எப்படிப்பட்ட விபத்தானாலும் முகம் மீட்டுத் தரப்படும் என்று பூ வைத்த எழுத்தில் எழுதி, கடை நம்பர். பட்டைக்குக் கீழே அந்த மரு பளிச்சென்று தெரிந்தது. ஊர் வாட்ஸப் குரூப்பில் எவனோ அதைப் போட்டிருக்கிறான். அந்தக் குரூப்பில் அக்காவும் இருக்கிறாள்.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்து அழித்துவிட்டதாக பிளெஸ்ஸி சொன்னாள். அம்மா பார்த்தாளா என்று கேட்டேன். பார்த்த மாதிரித் தெரியவில்லை மாமா, சாதாரணமாகத்தான் இருக்கிறாள் என்றாள். எனக்கு உயிர் வந்தது.

கடைக்குப் போனபோது செம்மல் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். போனை அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவன் பேச ஆரம்பித்துவிட்டான். பேர் போடவில்லை, ஊர் போடவில்லை, கண்ணை மறைத்துத்தான் போட்டிருக்கிறேன், யாரென்றே தெரியாது என்றான். புதுக்கோட்டையில் பெரிய கம்பெனி ஒன்று கிளை திறக்கப் போகிறதாம், நம் வேலை என்னவென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்றான். எத்தனையோ பிணம் வந்ததே, அதையெல்லாம் விட்டுவிட்டு இவனைப் போட வேண்டுமா என்று கேட்டேன்.

"இந்த மாதிரி ஒரு வேலை நீங்க செஞ்சதே இல்லண்ணே. அதனாலதான்."

பாராட்டுகிறானாம். தாஸுக்காக நான் கொடுத்த உழைப்பையே எடுத்து அவனை விற்றிருக்கிறான், அது தப்பு என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. என் காலடியில் இருந்த வாளியை உதைத்தேன், தண்ணீர் ரோடு வரைக்கும் ஓடியது. அவன் உடனே எடுத்துவிடுகிறேன் என்று போனை நோண்டினான். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"போட்டோவ அனுப்புனது நீங்கதானேண்ணே."

இடுக்கி, ஊசி, மெழுகு டப்பா எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் என் வண்டி வரை பின்னாலேயே வந்தான். பத்து வருஷம் ஒரே டம்ளரில் டீயைப் பாதி பாதியாகக் குடித்தவர்கள் நாங்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அக்கா என்னை முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பூசை முடிந்து, சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறையை மந்திரித்த பிறகு, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். அக்காவே இலை இலையாகப் போய் ரசம் ஊற்றினாள். எனக்கு இரண்டாவது தடவை சோறு வைத்தாள். நானும் பிளெஸ்ஸியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், தப்பித்தோம் என்று. கடைசி ஆட்களும் போன பிறகு அக்கா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

முன் என்ற படம் மட்டும் இருந்தது. மற்றதை வெட்டி எடுத்திருந்தாள்.

எத்தனை நாளாக்கா என்று கேட்டேன். ஒன்பது நாளாகிறது, பிளெஸ்ஸி அழிப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன், அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி மறுபடியும் வாங்கிக்கொண்டேன் என்றாள். அழவில்லை. நான் செம்மலைத் திட்ட ஆரம்பித்தேன். அவனை விட மாட்டேன், நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான், போலீஸுக்குப் போகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா என்னைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன ஏன்டா சொல்ற? அவன் காட்டுனான். நீதான் மறைச்ச."

"நீ தாங்க மாட்டேன்னுதான்க்கா."

"பெத்தவ நானா நீயா? இந்தப் பக்கத்த நான் ஒரு தடவ தொடுறதுக்குள்ள எங்கைய புடிச்சியே. அடிபட்டது இங்கதான, இங்கதான நான் தொட்டிருக்கணும்? ஊரே பாத்திருக்கு, நான் ஒன் மெழுகப் பாத்து அழுதுட்டு வந்திருக்கேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். செம்மல் எனக்குச் செய்தது எதுவோ அதையே நான் அக்காவுக்குச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருமே நல்லதைத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்திருக்கிறோம். அவளும் கட்டிலிலிருந்து இறங்கி எனக்கு எதிரே உட்கார்ந்து போனை வாங்கிக்கொண்டாள். சின்னக் குரலில் கேட்டாள்.

"ரொம்ப வலிச்சிருக்குமா?"

இதற்காவது என்னிடம் உண்மை இருந்தது. "இல்லக்கா. இடிச்சப்பவே போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது. டாக்டர் எங்கிட்ட சொன்னாரு, சத்தியமா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நான் பதில் சொன்னபோதும் இப்படித்தான் பார்த்தாள், அன்றைக்கு நம்பினாள்.

"நீ சொல்ற" என்றாள்.

மாதாமேல் ஆணை என்றேன். பிளெஸ்ஸி தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். டாக்டரிடம் இப்போதே கூட்டிப் போகிறேன், நீயே கேள் என்றேன். அவள் போனில் இரண்டு விரலை வைத்து விரித்தாள். படம் பெரிதாகி, இடது பக்கம் மட்டும் திரை முழுக்க வந்தது. ஒரு ஓரத்தில் அந்த மரு. ஆள்காட்டி விரலால் அந்தக் கன்னத்தை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினாள். தடவத் தடவப் படம் நகர்ந்து கீழே போனது. இழுத்து நடுவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, மறுபடியும் தடவினாள்.