சுகவாசல் வைத்த ஏத்துக்கூலிப் பாக்கி

இருபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். சுகவாசல் பார்மசி, லோடுமேன் சகாயத்துக்குத் தரவேண்டிய மூணு மாத ஏத்துக்கூலி. கூட வேலை செய்தவர்களின் பங்கை அவரே தன் மனைவி ஷைலாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்துப்போட்டார். இந்த மாதம் மீட்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும்.

சுகவாசலும் வாழ்ந்த கம்பெனிதான். கிணத்துக்கடவில் ஒரே கடையாக இருந்ததை, பேரையும் போர்டையும் பணம் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து, உடுமலைப்பேட்டை வரைக்கும் நாற்பது கடையாக்கினார் முதலாளி பாலகோபால். அப்போதெல்லாம் மதுக்கரை குடோனில் சகாயத்துக்குத் தோள் ஆற நேரம் இருக்காது. அப்புறம் தெருவுக்குத் தெரு தள்ளுபடிக் கடை வந்தது. போனை அமுக்கினால் மாத்திரை ஊட்டுக்கே வந்தது. பணம் கட்டியவர்கள் ஒவ்வொருத்தராகப் போர்டைக் கழற்றினார்கள்.

மிச்சச் சரக்கை ஈரோட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டு குடோனுக்கு லாரி அனுப்பியது. சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் பேச்சு ரத்து. பாக்கி வந்தால் ஏத்தறோம் என்றார் சகாயம். பாக்கிக்குப் பதிலாகக் குழந்தை டயப்பர் பத்துப் பெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார் பாலகோபால்.

"எங்கூட்டுக் கடைசிக் கொழந்தைக்கு மீசை மொளச்சுப் போச்சுங்க."

பாலகோபால் வேறு ஆள் கேட்டுக் கிணத்துக்கடவு லோடுமேன் ஸ்டாண்டுக்குப் போன் போட்டார். அங்கே நஞ்சுண்டன் கேட்டது ஒன்றுதான்: சகாயண்ணன் கணக்கு முடிஞ்சுதுங்களா? ஒருத்தன் கூலி நிற்கிற இடத்தில் இன்னொருத்தன் தோள் கொடுக்கமாட்டான். உடுமலையிலும் அதே கேள்வி. முதலாளியே இரண்டு சிரப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லாரி வெறுமனே திரும்பினால் தன் பணமும் அதோடு போகும் என்று சகாயத்துக்குத் தெரியும். ஆனாலும் நிழலை விட்டு எழவில்லை.

டிரைவர் கிளம்பட்டுமா என்று கேட்டபிறகு பாலகோபால் சகாயத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இருபதோட முடிச்சுக்கலாம் சகாயம். நானே நொடிஞ்சு போயிட்டேன்."

"தெரியுதுங்க. நீங்க நல்லாயிருந்தப்ப ஒரு ரூபா சேத்திக் கேட்டதில்லீங்க. நொடிஞ்சப்ப மட்டும் நான் ஏனுங்க கொறச்சுக்கோணும்?"

பாலகோபால் ஈரோட்டுக்காரர்களைப் போனில் கூப்பிட்டு, சரக்குக்கு வரவேண்டிய பணத்திலிருந்து முன்பணம் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. சகாயம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சகாயத்தின் போனில் பணம் வந்த சத்தம் கேட்டது. ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் படித்து, கடைசி ஐம்பது வரைக்கும் சரிபார்த்தார். இன்றைய கூலி தனி என்று முதலாளியிடம் பேசி முடித்துவிட்டு நஞ்சுண்டனைப் போனில் கூப்பிட்டார்.

"முடிஞ்சுது கண்ணு. ஆளுகளோட வா."