கமலநாதன் வீட்டுத் தண்ணீர்த் தடை

பதினான்காம் எண் இல்லத்தின் குடிமக்கள் அனைவரும் அமைதி காக்கவும். வியாழன் காலை ஒன்பது மணி முதல் ஞாயிறு காலை ஒன்பது மணி வரை, எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு, இவ்வில்லம் அவசர காலத்தில் இருக்கும். சமையல், குளியல், பாத்திரம், கழிப்பறை ஆகிய நான்கு இலாகாக்களும் குடும்பத் தலைவரின் நேரடிப் பொறுப்பில் வருகின்றன. வதந்திகளை நம்ப வேண்டாம்.

இந்த அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கிள்ளானில் என் அக்கா வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. கீழே கையெழுத்து: கமலநாதன். என் அத்தான். இல்லத்தின் குடிமக்கள் என்று பார்த்தால் அத்தான், அமுதவள்ளி அக்கா, அவர்கள் மகள் மாதவி. அத்தானைக் கழித்தால் அமைதி காக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். இருவரும் அப்போது அமைதியாகத்தான் இருந்தார்கள்.

அறிவிப்பை லேமினேட் செய்திருந்தார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் நிற்பது ஒன்றும் புதிதல்ல. பெரிய குழாயை மாற்றுவார்கள், போனில் பட்டியல் வரும், ஜனங்கள் நாலு வாளி பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆனால் அத்தான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். அத்தனை ஆண்டுகளில் அங்கே ஒரு குப்பைத்தொட்டிகூடத் தீப்பிடிக்கவில்லை. பயிற்சியெல்லாம் எடுத்து, விசில் வாங்கி, இருட்டில் மின்னும் மஞ்சள் அங்கியும் மாட்டிக்கொண்டு, கடைசிவரை ஓர் ஆபத்தும் வராமல் ஓய்வு பெறுவது எவ்வளவு பெரிய துக்கம் என்பது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற எட்டாவது மாதத்தில் இந்தத் தடை வந்தது. பத்து வயது குறைந்துவிட்டார்.

நான் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழை இலை போடுகிறவன். வேன் இருக்கிறது. அது போதுமானதாக இருந்தது.

"மச்சான், ரெண்டு தோங் ஏத்திக்கிட்டு வா. நீலத் தோங், மூடியோட. நீதான் போக்குவரத்து இலாகா."

"எத்தனை நாளைக்கு அத்தான்?"

"அவசர காலத்துல நாள் கேக்கக் கூடாது லா."

புதன்கிழமை இரண்டு நீலப் பீப்பாய்களோடு போய் இறங்கியபோது, வீட்டில் வாயகன்ற எல்லாப் பொருளிலும் தண்ணீர் நின்றது. அண்டா, குண்டா, ஐஸ் பெட்டி, மாதவி கைக்குழந்தையாக இருந்தபோது குளித்த தொட்டி. குக்கரைக்கூட நிரப்பி, மூடியில் 'ரிசர்வ்' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

"குக்கரையும் ரொப்பிட்டா சோறு எதுல வைக்கிறது?" என்றார் அக்கா.

"அது ரிசர்வ்."

"அப்ப பசியையும் ரிசர்வ்ல போட்டுடுங்க."

அன்று இரவு எட்டு மணிக்கு மாதவி வேலை முடிந்து வந்தாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வங்கியில் இருக்கிறாள். கையில் போன், முகத்தில் ரத்தமில்லை. "சனிக்கிழமை தனேஷோட அப்பா அம்மா வர்றாங்களாம்மா. இப்பத்தான் போன் பண்ணான்."

தனேஷ் அதே வங்கியில் வேலை பார்க்கும் பையன். இரண்டு வருடமாக இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது. சுங்கை பூலோவில் இருக்கும் அவன் அம்மா கிருஷ்ணம்மாளிடம் பேச்செடுக்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பதற்குமேல் பதில் வந்ததில்லை. அந்த அம்மாளைப் பற்றி ஒரு கதை உண்டு. மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், குளியலறைக்குள் போய்விட்டு வந்தவர், வந்த கையோடு காரில் ஏறிவிட்டாராம்.

"தரை ஈரமா இருந்துச்சாம்மா. அதுக்கே," என்றாள் மாதவி. "நம்ம வீட்டுல தண்ணியே இருக்காது. இதுல பாத்ரூமைப் பாத்தாங்கன்னா முடிஞ்சிச்சு. இதுக்கப்புறம் தனேஷ் எத்தனை தடவை கேட்டாலும் நடக்காது."

"வேற நாள் சொல்லிடு," என்றார் அக்கா.

"சொல்லக் கூடாது," என்றார் அத்தான். எழுந்து நின்றே சொன்னார். "ரெண்டு வருஷம் கழிச்சு வர்றவங்களை, தண்ணி இல்லன்னு திருப்பி அனுப்புனா, இந்த வீட்டுக்கு நிர்வாகம் தெரியாதுன்னு ஆயிடும். வரட்டும். தண்ணியில்லாத நேரத்துல ஒரு பாத்ரூமை எப்படி வச்சிருக்கணும்னு பாத்துட்டுப் போகட்டும்."

மாதவி கண்ணைத் துடைத்தாள். "அழுறதா இருந்தா அந்த வாளிப் பக்கமா நின்னு அழு, வீணாக்காத," என்று சொல்லிவிட்டு அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அதே நேரம் என் போனில் 'திருத்தப்பட்ட பட்டியல்' என்று ஏதோ வந்து விழுந்தது. அத்தானிடம் நீட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை, பிரிட்ஜைப் பார்த்தார். "வதந்தி," என்றார். "லேமினேட் பண்ணியாச்சு." நானும் அதைத் திறந்து பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போக்குவரத்து இலாகா என்பதால் நான் அங்கேயே தங்கிவிட்டேன்; மாதவி லீவு போட்டிருந்தாள். வியாழன் காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு, அத்தான் மஞ்சள் அங்கியோடு கேட்டுக்கு வெளியே போய், மீட்டருக்குப் பக்கத்திலிருந்த வால்வை மூடினார். "தண்ணி திரும்பி வர்றப்போ முதல்ல சேறாத்தான் வரும். நம்ம தொட்டிக்குள்ள ஒரு சொட்டு சேறு ஏறக் கூடாது," என்று எங்களுக்கு விளக்கினார். பிறகு உள்ளே வந்து, ஒன்பது அடிக்கக் காத்திருந்து, சமையலறைக் குழாயைத் திறந்தார். குழாய் இரண்டு முறை இருமியது. ஒரு சொட்டு விழுந்தது. அதோடு சரி.

"ஒன்பதுன்னா ஒன்பது," என்றார் கடிகாரத்தைக் காட்டி. "இந்த ஊர்ல எதுவும் நேரத்துக்கு நடக்காதுன்னு சொல்றவனெல்லாம் வந்து பாக்கணும்."

நாங்கள் மூவரும் மரியாதையோடு நின்றோம். மூவரும் படித்தவர்கள்தான்.

அன்று மத்தியானத்துக்குள் மேல் தொட்டியில் இருந்ததையும் நீலப் பீப்பாய்களில் இறக்கிவிட்டார். குளியலறைக் கதவில் இன்னொரு லேமினேட் தொங்கியது. ஒருவருக்கு அரை வாளி. தலைக்குக் குளிக்க முன்அனுமதி தேவை.

"முன்அனுமதி யாருகிட்ட?" என்றார் அக்கா.

"என்கிட்டதான்."

"வெள்ளிக்கிழமைன்னா நான் தலைக்குக் குளிப்பேன். முப்பத்திரண்டு வருஷமா உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எழுதிக் குடு."

அக்கா காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: 'தலை அரிக்கிறது. அனுமதி வேண்டும். இப்படிக்கு, அமுதவள்ளி.' அத்தான் இரண்டு முறை படித்துப் பார்த்து, கூடுதலாகக் கால் வாளிக்குக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து வீட்டு ஆயிஷா, ஹோஸ் பிடித்துக் கார் கழுவிக்கொண்டிருந்தார். அத்தானால் பொறுக்க முடியவில்லை. வேலியோரம் போய் நின்றார்.

"ஆயிஷாம்மா, சேத்து வச்ச தண்ணியை இப்படி வீணாக்கலாமா?"

"சேத்து வச்சதா? பைப்புத் தண்ணிண்ணே."

"அது பைப்புக்குள்ள தங்கிப்போன மிச்சம். உங்க வீடு கொஞ்சம் பள்ளத்துல இருக்கு, அதான் வடிஞ்சு வருது. நாளைக்கு நின்னுடும். அப்ப வந்து கேளுங்க, நான் ஒரு வாளி தர்றேன்."

ஆயிஷா அவரது மஞ்சள் அங்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த டயருக்குப் போனார்.

சனிக்கிழமை சைவச் சமையல். வாழை இலையில் பரிமாறுவது தன்னுடைய திட்டம் என்று அத்தான் அறிவித்தார். தட்டு இல்லை, ஆகவே கழுவுவதும் இல்லை. "இலையையும் கழுவித்தான் போடணும்," என்றார் அக்கா. திட்டத்தில் அது இல்லை. இலைகளை ஈரத்துணியால் நான் துடைத்தேன். குளியலறையையும் நான்தான் துடைத்தேன், மூன்று முறை. மாதவி ஒவ்வொரு முறையும் முட்டி போட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஈரமா இருக்கு மாமா," என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவர்கள் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். கிருஷ்ணம்மாள் சின்ன உருவம், நடை வேகம். அவர் கணவர் கன்னையா, வாய் திறக்காத மனிதர்; குழாய்க் குத்தகை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் தனேஷ் ஒரு புடைத்த பையைச் சுமந்து வந்தான். பழம் இருக்கும் என்று அக்கா என் காதில் சொன்னார். மாதவி கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அத்தான் விசிலைக் கழற்றியிருந்தார். அங்கியைக் கழற்றவில்லை.

கூடத்தில் வாளிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை விட்டிருந்தோம். அந்த வழியாக வந்து சோபாவில் உட்கார்ந்த கிருஷ்ணம்மாள் காப்பியை இரண்டு மடக்கில் முடித்தார்.

"அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

மாதவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணம்மாள் பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார். பழம் இல்லை. அத்தான் என் பக்கம் சாய்ந்து, "சொந்தத் துண்டு. ரொம்பக் கறாரான ஆய்வு," என்று முணுமுணுத்துவிட்டு முன்னால் நடந்தார். குளியலறை வாசலில் நின்று விதிகளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். கன்னையா "காரைப் பாத்துட்டு வர்றேன்," என்று வெளியே நழுவினார். இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். அத்தான் மூன்றாம் விதிக்கு வந்தபோது வீட்டின் சுவருக்குள் ஏதோ கனைத்தது.

அடுத்த நொடி, வியாழக்கிழமை திறந்துவிட்டு யாருமே மூடாத சமையலறைக் குழாய், மூன்று நாள் கோபத்தையும் ஒரேயடியாகக் கக்கியது. பக்கத்தில் பொரித்து வைத்திருந்த அப்பளத் தட்டு முழுகிவிட்டது. அக்கா ஓடினார். மேலே தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அத்தான் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணி. இருபத்து மூணு மணி நேரம் முன்னாடியே விநியோகம் வந்திருச்சு," என்றார், ஏதோ அவரே மேலிடத்தில் பேசி வாங்கிக் கொடுத்ததுபோல.

கன்னையா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "வெளிய வால்வு மூடிக் கெடந்துச்சுண்ணே. தொறந்து விட்டேன். இந்தப் பக்கம் தண்ணி நிக்கவே இல்லையாம், பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க."

அன்று அவர் அதிகம் பேசியது அதுதான்.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் துவண்டுபோன ஒரு அப்பளம். "தலை அரிக்குதுன்னு எழுதிக் குடுத்தேன்," என்றார் மெதுவாக. "கையெழுத்துப் போட்டீங்க."

"இது டிரில்," என்றார் அத்தான். அரை நொடிகூடத் தயங்கவில்லை. "நிஜமா ஒருநாள் நிக்குறப்போ தெரியும் உங்களுக்கெல்லாம்."

தொட்டி கொஞ்சம் நிரம்பியதும் கிருஷ்ணம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. மாதவி கூடத்துக்கும் அந்தக் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒருவழியாகக் கதவு திறந்தது. தலையில் துண்டு, நெற்றியில் புதுப் பொட்டு, கையில் அலசிய இரண்டு ரவிக்கை.

"தண்ணி நல்லா வேகமா வருது," என்றார். "கொடி எங்க கட்டியிருக்கீங்க?"

"துணி காயப்போடுற எடம் வரைக்கும் பாக்குறாங்க," என்று அத்தான் என்னிடம் சொன்னார். "இதான் முறையான ஆய்வு."

அடுத்துக் கன்னையா போனார். அரை மணி நேரம். பிறகு தனேஷ். மாதவி அவனை முறைத்தாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

"மூணு பேரு, மூணு தனித்தனி ரிப்போர்ட். எங்க பேக்டரிக்கு வந்த இன்ஸ்பெக்டர்கூட இவ்ளோ பாக்க மாட்டான்."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்கப்பா."

அப்பளம் இல்லாமல் இலை போட்டோம். கிருஷ்ணம்மாள் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கத்திரிக்காயை யார் வைத்தது என்று விசாரித்தார். "நான்தான் ஆன்டி," என்ற மாதவிக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. பாயசம் முடிந்து எல்லாரும் கைகழுவிக்கொண்டு வந்ததும் அத்தான் வாளிகளுக்கு நடுவே எழுந்து நின்றார். அங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் நேர்ல பாத்தீங்க," என்று தொடங்கினார். "ஒளிக்க ஒண்ணுமில்ல. சோதனையான நேரத்துலதான் ஒரு குடும்பத்தோட தரம் தெரியும். தண்ணி இருக்கறப்போ யார் வேணாலும் சுத்தமா இருக்கலாம். இல்லாதப்போ எப்படி இருக்காங்க, அதான் கேள்வி. நாங்க எப்படி இருந்தோம்னு கதவுல எழுதியே போட்டிருக்கோம். என் மகளை அந்த ஒழுங்குலதான் வளத்தேன். ரெண்டு வருஷமா நீங்க யோசிச்சீங்க, அது உங்க உரிமை. இன்னைக்கு மூணு பேரும் தனித்தனியா ஆய்வு பண்ணீங்க, அதையும் மதிக்கிறேன். உங்க முடிவு எதுவா இருந்தாலும், இப்பவே, இந்த இடத்துலயே சொல்லிடலாம்."

மாதவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பின்னால் வந்து தோளில் கைவைத்தார். கிருஷ்ணம்மாள் கணவரைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். மூவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"பொண்ணைப் பத்தி எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்களே," என்றார் கிருஷ்ணம்மாள். "அடுத்த மாசம் நல்ல நாள் பாத்து, சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு, தட்டோட மொறையா வர்றதா இருக்கோம். எங்க பக்கம் மூணு நாளா தண்ணி இல்ல. இன்னைக்கு நாங்க குளிக்கத்தான் வந்தோம்."